பின்னாலேயே வந்த ஓடை

இன்னும் கொஞ்சம் நகர்ந்து வந்து உட்காருங்கள், முட்டி இடித்தாலும் பரவாயில்லை. இது தண்ணீரைப் பற்றிய கதை, இதை உரக்கச் சொல்லக் கூடாது, தண்ணீருக்குக் காது உண்டு, யாரோ நம்மைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து வந்துவிடும், ஒரு தடவை அப்படி வந்துவிட்டதனால்தான் இந்தக் கதையே உண்டாயிற்று.

முதுகுளத்தூருக்குத் தெற்கே, கருவேல முள்ளும் வெக்கைக் காற்றுமாகக் கிடக்கிற ஓர் ஊரில் மங்களேஸ்வரி என்று ஒருத்தி இருந்தாள். எல்லாருக்கும் அவள் மங்களம். பாவாடை கட்டின நாளிலிருந்து தண்ணீருக்குப் பின்னால் போனவள். வறண்ட ஆற்று மணலில் ஆள் ஆழத்துக்குக் குழி தோண்டி, உள்ளே இறங்கிக் குத்தவைத்து, மணலிலிருந்து கசிகிறதைச் சிரட்டையால் வழித்து வழித்துக் குடத்தில் ஊற்றுவாள். ஊற்றை அதட்டினால் உள்வாங்கிவிடும், அவசரப்படுத்தினால் கலங்கிவிடும், கோபித்துக்கொண்டு போன பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிட வேண்டும் என்பது அந்தப் பக்கத்துப் பொம்பளைகள் வழக்கம். அதனால் அவளும் குனிந்து, மணலுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "வா தாயி, வா, கொஞ்சமா வா" என்பாள். எவ்வளவு கூப்பிட்டாலும் அரைக் குடத்துக்கு மேல் வந்ததில்லை. அப்புறம் லாரியில் தண்ணீர் வந்தது, லாரிக்குப் பின்னாலும் குடத்தோடு ஓடினாள். அப்புறம் தெருவுக்குத் தெரு குழாய் போட்டார்கள், திறந்தால் புஸ்ஸென்று காற்று வந்தது. இடுப்பில் குடம் உட்கார்ந்த இடம் கருத்துக் காய்த்துப்போய், புருஷன் செத்து மகள் படித்து ஆப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போன பிறகும் அந்தக் காய்ப்பு அவளை விட்டுப் போகவில்லை.

மகள் பெயர் நாகஜோதி. தான்சானியாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. அவளும் புருஷனும் கிளிமஞ்சாரோ மலை ஏறுவதென்று எல்லா ஏற்பாடும் செய்திருந்தார்கள். கிளம்புகிற நேரத்தில் மாப்பிள்ளைக்கு லீவு இல்லையென்று ஆகிவிட்டது. மகளைப் பார்க்க வந்திருந்த மங்களம், பழனிக்கு வருஷா வருஷம் நடந்த கால் இது, நான் வரேன் என்றாள். மாப்பிள்ளை சிரித்தார். மலையடிவாரத்தில் வழிகாட்டி எலியாமணி சிரிக்கவில்லை. அந்தம்மாவின் கெண்டைக்காலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இவங்க ஏறிருவாங்க, உங்களை நெனச்சாத்தான் யோசனையா இருக்கு என்று மகளிடம் சொன்னார். அந்த ஊரில் வயதில் மூத்த பெண்ணை மாமா என்பார்கள், அதனால் அவர் மங்களத்தை மாமா மாமா என்று கூப்பிட, நாகஜோதிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மங்களம் அவருக்கு மணித்தம்பி என்று பெயர் வைத்தாள். அவளுக்கு அவர் பேச்சு புரியாது, அவருக்கு அவள் பேச்சு புரியாது, நடுவில் நாகஜோதி சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் ஊர்க்கதை பேசிக்கொண்டே நடந்தார்கள்.

முதல் நாள் காடு. மரமெல்லாம் பாசி தாடி விட்டிருந்தது. சாயங்காலம் கூடாரம் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓடை, முழங்கால் ஆழம், அடியில் கிடக்கிற கூழாங்கல்லின் வரி தெரிகிற மாதிரித் தெளிவு. மங்களம் பாட்டிலோடு போனாள். இவ்வளவு தண்ணீர் கேட்பாரற்று ஓடுவதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். பிறகு குனிந்தாள். குனிந்ததும் வாய் தன் பழக்கத்தில் சொல்லிவிட்டது: வா தாயி, வா, கொஞ்சமா வா.

அவள் ஊரில் அது அரைக் குடத்துக்கான அழைப்பு. இங்கே அந்த ஓடையைப் பிறந்த நாளிலிருந்து யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

காலையில் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்து, ஒரு திருப்பம் தாண்டியிருப்பார்கள், நாகஜோதி நின்றாள். "அம்மா, பின்னாடி பாரு. ஓடை நம்மகூட வருது."

மங்களம் திரும்பிப் பார்த்தாள். மேட்டில், பாதை நடுவில், முழு ஓடையும் அவள் காலடியைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. அவள் நின்றதும் அதுவும் நின்று, ஓரத்துப் புல்லை நனைத்துக்கொண்டிருந்தது.

"வரட்டும்டி," என்றாள். "எம்பின்னாடி இதுவரைக்கும் எது வந்துச்சு?"

எலியாமணி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கூட வருகிறவர்களை மெல்ல நடக்கவைப்பது அவர் வேலை, வேகமாக ஏறினால் மலை தலையைப் பிடித்து ஆட்டிவிடும். அதனால் எல்லாரிடமும் சொல்வதுபோல ஓடையிடமும், போலே போலே, மெல்ல மெல்ல என்றார், ஓடையும் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. சுமை தூக்குகிறவர்கள் மூட்டையைத் தலையில் வைத்தபடியே ஒதுங்கி அதற்கு வழிவிட்டார்கள். செங்குத்தான பாறை வந்தபோது மட்டும், இது எப்படி ஏறுகிறதென்று பார்க்கலாம் என்று எல்லாரும் நின்றார்கள். பூனை சுவர் ஏறுமே, முதலில் கொஞ்சம் பின்வாங்கி, உடம்பைக் குறுக்கி, அப்புறம் ஒரே தாவு, அப்படி ஏறியது, ஏறிவிட்டு மேலே சிலுப்பிக்கொண்டது. இரண்டு பேருக்குச் சட்டை நனைந்தது, அவ்வளவுதான். அடுத்த முகாமில் காவல்காரர் வெளியே வந்து பார்த்து, மலைக்குள் செல்லப்பிராணி கொண்டுவரக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, ஓடை அதில் சேருமா சேராதா என்று வெகுநேரம் யோசித்து, பாதையை விட்டு விலகாமல் வந்தால் சரி என்று அதை எச்சரித்து அனுப்பினார். அது விலகவும் இல்லை. வேறு கூட்டத்து வெள்ளைக்காரம்மா ஒருத்தி அதில் காலுறை அலச, நம் சமையல்காரர் கரண்டியோடு ஓடிப்போய், அது எங்களோட வந்திருக்கிற விருந்தாளி என்று சண்டை பிடித்தார்.

மலைக்கு மேலே போகப் போகத் தண்ணீர் கிடையாது. கடைசி ஊற்றிலிருந்து உச்சிக்குக் கீழே இருக்கிற மேல்முகாம் வரைக்கும் சமையலுக்கும் குடிக்கவும் ஆள்தான் தூக்கி வரவேண்டும். அந்த வேலை ஹமிசியுடையது. தாடி நரைத்த மனிதர். தலையில் தண்ணீர் டிரம்மோடு அந்த ஏற்றத்தை எத்தனையோ வருஷம் ஏறினவர். இப்போது தண்ணீர் தானாக நடந்து வருகிறது. கூட்டாளிகள் விடுவார்களா? ஹமிசி, இனி நீ எதைத் தூக்குவ என்றார்கள். உனக்கே ஓய்வு குடுத்துருச்சு பாரு, நல்ல மனசு என்றார்கள். ஹமிசி காலி டிரம்மைத் தலையில் வைத்துக்கொண்டே நடந்தார். ஏன் என்று கேட்டதற்கு, தலை சும்மா இருந்தால் கழுத்து வலிக்கிறது என்றார்.

மங்களமோ, கூடாரத்தின் ஓரத் துணியைத் தூக்கி ஒரு கையை வெளியே நீட்டி, விரல்கள் தண்ணீரில் இருக்கும்படி வைத்துக்கொண்டு தூங்கினாள். இதை எப்படி ஊருக்குக் கொண்டுபோவது என்று ஒரே யோசனை. ரோட்டு வழியாக வந்துவிடும், துறைமுகம் வரைக்கும் பயமில்லை, நடுவில் கடல் கிடக்கிறதே, உப்பாகிவிடுமே என்று மகளிடம் கேட்டாள். நாகஜோதி முதலில் சிரித்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

மரமெல்லாம் முடிந்து, கல்லும் பாறையுமான ஓர் இடத்தில், மத்தியானம் டீயும் பொரித்த சோளமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கீழேயிருந்து ஒருத்தி ஏறி வந்தாள். மங்களத்தின் வயதுதான் இருக்கும். இரண்டு பூப்போட்ட துணியை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, காலில் ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். பெயர் நிடெகிர்வா. மலையடிவாரத்தில் வாழைத்தோப்பு ஊர் ஒன்று, இந்த ஓடையை நம்பிய ஊர், ஓடையிலிருந்து வெட்டின கால்வாய் வீட்டுக்கு வீடு போகும், யாருக்கு எப்போது முறை என்று மடை திருப்பி விடுகிறவள் இவள்தான். மடை திருப்பப் போன இடத்தில் தண்ணீரைக் காணோம். காலி ஓடையிலேயே நடந்து நடந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டாள்.

அவள் கத்தவில்லை. மங்களத்துக்கு எதிரில் உட்கார்ந்து, துணி முடிச்சை அவிழ்த்து, அதிலிருந்ததை எடுத்து மங்களத்தின் உள்ளங்கையில் வைத்தாள். கால்வாய் மண். காய்ந்து, வெடித்து, ஓரம் சுருண்ட பொருக்கு மண். அதை யாரும் மங்களத்துக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. விரலால் நசுக்கினாள், பொடியாகிப் பறந்தது.

பிறகு நிடெகிர்வா கேட்டாள், நாகஜோதி இரண்டு பக்கமும் சொன்னாள்.

"உன் வீட்டுல கொழாய் இருக்கா?"

"இருக்கு. தண்ணி வராது."

"அப்ப உனக்கு எதுவும் சொல்ல வேண்டியதில்ல."

மங்களம் தலையைக் குனிந்துகொண்டாள். எதிரிலிருந்தவள் உட்கார்ந்த விதத்தில் இடுப்பு ஒரு பக்கம் கோணியிருந்தது, தன் இடுப்பைப் போலவே. நாகஜோதி அம்மாவின் கையைப் பிடித்து, இப்பவே இறங்கிரலாம், எனக்கு உச்சியெல்லாம் வேண்டாம் என்றாள். அப்போது இறங்கியிருக்கலாம். இதைக் கேட்கிறவர்கள் எல்லாரும் அந்த இடத்தில் அதைத்தான் சொல்கிறார்கள், மங்களமும் மிச்சக் காலமெல்லாம் அதைத்தான் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் அன்றைக்கு அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஆசப்பட்டு வந்த பிள்ள, பாதியில திரும்பக் கூடாது. ஒரு ராத்திரி, மதினி. விடிஞ்சதும் கொண்டாந்து விட்டுர்றேன்."

மகளுக்காகத்தான் என்று சொன்னாள். மகளுக்குத் தெரியும் அப்படியில்லை என்று. நிடெகிர்வாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவள் டீயை வாங்கிக் குடித்துவிட்டு, அவர்களோடேயே மேல்முகாமுக்கு ஏறினாள், தன் தண்ணீரை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டு இறங்க அவளுக்கு மனசில்லை.

மேல்முகாமில் புல் பூண்டு கிடையாது. காற்று ஊசி ஊசியாகக் குத்தியது. மங்களம் தன் கூடாரத்து வாசலில் ஓடையின் தலைப்பக்கத்தை நிறுத்திவைத்து, மிச்சமெல்லாம் சரிவில் நீளமாக வளைந்து கிடக்க, அதன்மேல் கையை வைத்துச் சொன்னாள்: "இங்க வெயில் இல்ல தாயி. உறிஞ்ச ஆளில்ல. இங்கதான் உனக்குப் பத்திரம்." அவள் ஊரில் தண்ணீருக்கு ஒரே எதிரி வெயில். குளிர் என்ன செய்யும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, ஐஸ் கட்டி என்றால் மீன் பெட்டிக்குள் மிஷினில் செய்து போடுவது. தெரிந்தவர்கள் சுற்றிலும் இருந்தார்கள், எலியாமணி, ஹமிசி, சமையல்காரர், ஏன் நிடெகிர்வாவே இருந்தாள். ஆனால் மலையேறத் தெரிந்த தண்ணீருக்குக் குளிர் தாங்கத் தெரியாதா என்று ஆளுக்கு ஆள் நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டார்கள். அதிசயத்தோடு பழகிவிட்டால் அப்படித்தான், சின்னச் சின்ன விஷயம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

எலியாமணியோடு நடுராத்திரியில் உச்சிக்குக் கிளம்பிப் போன நாகஜோதி பாதியிலேயே தலை சுற்றி, வாந்தி எடுத்து, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு விடிகிற நேரத்துக்குத் திரும்பி வந்தாள். எந்த உச்சிக்காக அந்த ராத்திரியோ அந்த உச்சியும் இல்லாமல் போயிற்று. வந்தவள், அம்மா கூடாரத்து வாசலில் மண்டியிட்டு எதையோ கையால் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

ஓடையின் முன்பாதி கல்லாகிக் கிடந்தது. அலை எழும்பின இடத்தில் அலையாகவே நின்றுவிட்டது. மங்களம் தன் கம்பளியைப் போட்டு மூடியிருந்தாள், புடவைத் தலைப்பால் மூடியிருந்தாள், வாயால் ஊதியிருந்தாள், கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியிருந்தது. சமையல்காரர் வெந்நீர் வைக்கட்டுமா என்று கேட்டார், எதை எடுத்து வைப்பது என்று அவருக்கே தெரியவில்லை. ஹமிசி மட்டும் டிரம்மைத் தலையில் வைத்துக்கொண்டு பழைய ஊற்றைப் பார்த்துக் கீழே இறங்கிப் போனார், டீக்குத் தண்ணீர் வேண்டுமே.

நிடெகிர்வா வந்து உட்கார்ந்து, கதவைத் தட்டுகிற மாதிரி அதை விரல் முட்டியால் தட்டினாள். காதை வைத்துக் கேட்டாள்.

"செத்துப்போச்சா மதினி?" என்று மங்களம் கேட்டாள்.

நாகஜோதி கேட்டுச் சொன்னாள். "சாகலையாம். ஆனா இது இனிமே நடக்காதாம்."

சரிவில் பின்பாதி இன்னும் உயிரோடு இருந்தது, மெலிதாக, பயந்த ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு பாறையோடு ஒட்டிக்கொண்டு. மங்களம் எழுந்து, இதை நான் இறக்கிக் கொண்டுபோய் விடுகிறேன் என்று கிளம்பினாள். நிடெகிர்வா அவள் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள். முகத்தைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், புடவையைப் பார்த்தாள். அப்புறம் நாகஜோதியிடம் நிதானமாகச் சொன்னாள், அவள் அம்மாவிடம் சொன்னாள்.

"நீ இறங்கினா அது அவங்க ஊரைத் தாண்டி ஏர்போர்ட் வரைக்கும் உன்கூட வரும்னு சொல்றாங்கம்மா. அவங்க இறங்கினா அவங்க வீட்டோட நின்னுரும். அதனால தன்னை உன்னை மாதிரியே மாத்திவிடச் சொல்றாங்க."

கூடாரத்துக்குள் போய் இரண்டு பேரும் துணி மாற்றிக்கொண்டு வந்தார்கள். மங்களத்தின் வாடாமல்லிப் புடவையைக் கட்டிக்கொண்டு நிடெகிர்வாவும், பூப்போட்ட துணியும் ரப்பர் பூட்ஸுமாக மங்களமும் வெளியே வந்தபோது, வேறு நாளாக இருந்தால் சுமைக்காரர்கள் சிரித்திருப்பார்கள். பிறகு மங்களம் அவளைத் தன் முன்னால் குத்தவைத்து உட்காரவைத்துக் கூப்பிடச் சொல்லிக்கொடுத்தாள். வார்த்தை சுலபமாக வந்துவிட்டது, வா தாயி வா. குரல் வரவில்லை. தோப்புக்குத் தோப்பு கத்திப் பேசிப் பழகின தொண்டை, மடையில் நிற்கிறவனை அதட்டுகிற மாதிரியே வந்தது, சரிவிலிருந்த தண்ணீர் இன்னும் ஒடுங்கியது. மங்களம் அவள் கையை எடுத்துத் தன் அடிவயிற்றில் வைத்தாள்.

"அதட்டாத மதினி. வராதுன்னு தெரிஞ்சுக்கிட்டே கூப்புடு."

இதை நாகஜோதி மொழிபெயர்க்க வாயெடுப்பதற்குள் நிடெகிர்வா தலையாட்டிவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, காய்ந்து கிடக்கிற தன் கால்வாயை நினைத்தாளோ என்னவோ, மெல்லக் கூப்பிட்டாள். சுற்றி நின்றவர்கள் மங்களத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அது மங்களத்தின் குரல், ஒரு இழை குறையாமல். அந்த நேரத்தில் மங்களத்தின் தொண்டைக்குள் ஏதோ எழுந்து வெளியே போன மாதிரி இருந்தது, அவள் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

பாறையை விட்டுத் தண்ணீர் பிரிந்தது. வாடாமல்லிப் புடவைக்குப் பின்னால் இறங்கியது. கல்லாகிவிட்ட தன் முன்பாதியை விட்டுப் பிரியும்போது மட்டும் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது, பிறகு போய்விட்டது. தண்ணீருக்கு முதுகு உண்டு என்பதை மங்களம் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

அவள் பேசக் கூடாது, இருமக்கூடக் கூடாது, வெகுதூரம் பின்னால்தான் வரவேண்டும் என்று ஏற்பாடு. பேசாமல் இறங்கினாள். மலையிலிருந்த மற்றக் கூட்டத்தாரெல்லாம் ஒதுங்கி நின்று முதலில் புடவைக்காரிக்கும் ஓடைக்கும், வெகுநேரம் கழித்து பூட்ஸ்காரிக்கும் வழிவிட்டார்கள். காவல்காரர் ஓடையைப் பார்த்து, போகும்போது இளைத்துப் போகிறதே என்றார்.

அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தபோது ஓடை தன் பழைய தடத்தில் படுத்திருந்தது. ஊர் முழுக்கக் கரையில் நின்றது. குழந்தைகள் ஆரவாரம் செய்தன. பெரியவர்கள் தண்ணீரின் உயரத்தைக் கண்ணால் அளந்தார்கள். பாதி தண்ணீர், பாதி ஊர் வரைக்கும்தான் போகும். நிடெகிர்வா புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு மடையாகத் திறந்துகொண்டே போனாள். மேல்தோப்புகளுக்குப் பாய்ந்தது, நடுத்தோப்புக்குக் கசிந்து போயிற்று, அதற்குக் கீழே மண்ணே குடித்துவிட்டது. கடைக்கோடியில் ஒரு சின்ன வீடும் அதைச் சுற்றி வாழையும் இருந்தது, இலையெல்லாம் ஓரம் கருகித் தொங்கியது. அது யார் வீடு என்று மங்களம் மகளிடம் சைகையில் கேட்டாள். நாகஜோதி எலியாமணியைக் கேட்டாள். எலியாமணி கையால் மடைப்பக்கம் காட்டினார், அங்கே வாடாமல்லிப் புடவை குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தது.

வண்டி வந்து நின்றது. மூட்டைகள் ஏறின. நாகஜோதி உள்ளே உட்கார்ந்துகொண்டு அம்மா அம்மா என்று கூப்பிட்டாள். மங்களம் ஏறவில்லை. ரப்பர் பூட்ஸோடு கரைக்குப் போனாள், தண்ணீருக்குப் பக்கத்தில் நின்றாள். அது அவளை அடையாளம் தெரியாத மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அதனிடம் அவள் என்ன சொல்ல நினைத்தாளோ, மன்னிப்புக் கேட்க நினைத்தாளோ, ஊருக்குக் கிளம்புகிறேன் என்று சொல்ல நினைத்தாளோ, இல்லை இத்தனைக்கும் பிறகும் வேறு ஒன்றைத்தான் சொல்ல நினைத்தாளோ, யாருக்கும் தெரியாது, அவளுக்கே தெரியாது. குனிந்தாள், வாயைத் திறந்தாள்.

மடையிலிருந்த நிடெகிர்வா அதைப் பார்த்துவிட்டாள். மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கால்வாயோடு ஓடிவந்து, கோபமில்லாமல், அழுகிற பிள்ளையை அணைக்கிற மாதிரி ஒரு கையால் மங்களத்தின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, சேறு பட்ட இன்னொரு கையால் அவள் வாயை இறுக்கப் பொத்தினாள்.